தாலியைக் கழற்றச் சொன்ன டாக்டர்

மாதாவின் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். பிடரியில் இருந்த ஒரு மருவால் நான் சாகக் கிடந்தேன். வீட்டை விட்டுத் துரத்தப்படவும் இருந்தேன். மாதா காப்பாற்றினாள். எப்படிக் காப்பாற்றினாள் என்பதை இந்தத் திண்டுக்கல்லில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பட்டவள் நான், நானே சொல்லிவிடுகிறேன்.

1958-ஆம் வருஷம், தவக்காலம். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மரு எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. அது பாட்டுக்கு இருந்தது. தாலிக்கயிறு ஏறிய பிறகுதான் வினை. கயிறு உரசி உரசி மரு பெருத்தது, ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்த என் மாமியார், "தாலியே ஒட்டாத கழுத்தா இருக்கே. இது எம் மகனுக்கு ஆகுமா?" என்றார். ஞாயிறு பூசை தவறாதவர் பேசிய பேச்சு இது.

கோயிலில் எனக்காக உப்பும் மிளகும் கொட்டினார். அது நம் வழக்கம், குறை சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் குதிரைவால் முடி கேட்டு வாங்கிவந்து, மருவின் அடியில் சுற்றி இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால் மரு காய்ந்து உதிர்ந்துவிடும் என்பார்கள். சிலருக்கு உதிர்ந்தும் இருக்கிறது. எனக்குச் சீழ் வைத்தது. கழுத்து வீங்கி, முடி சதைக்குள் புதைந்து, குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு டாக்டர் இருந்தார். அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அவர் கையால் பிழைத்தவர்கள். மாமியாருக்கே அவர்மேல் அத்தனை நம்பிக்கை. மாமியார்தான் என்னை அங்கே கூட்டிப்போனார். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "எந்தப் புண்ணியவாளன் கட்டினது இது?" என்று கேட்டார். மாமியார் மோட்டுவளையைப் பார்த்தார்.

"முடியோட சேத்து மருவை எடுத்துரணும்மா. மரத்துப்போக ஊசி போட்டுருவேன், செத்த நேர வேலைதான். தாலியை மட்டும் கழட்டிட்டு வந்துரு. கயிறு புண்ணு மேலயே கெடக்கு. அதை வச்சுக்கிட்டு நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில தாலியை அவுக்கிறதா?" என்று மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் ஒரே பேச்சு. "கழட்டணும்னா கழட்டிக்க. அப்படியே ஒங்கப்பன் ஊருக்கு பஸ் ஏறிரு. எம் மகன் உசுரை எடுத்துத்தான் நீ பொழைக்கணுமா?"

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் அவர் அதட்டினால் தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை. கடைசியில், "அம்மா சொல்றதையும் யோசிக்கணும்ல" என்றார். புண்ணைவிட அந்தச் சொல் வலித்தது.

மாதா படத்துக்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்கினேன். கத்தியும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம், தானாக விழவை தாயே என்று அழுதேன். விழவில்லை. காய்ச்சல்தான் ஏறியது. படுத்த இடத்தில் ஒரு நாள் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. "நான் செத்தா தங்கம்னு சொல்லிக் கழட்டித்தானே பொதைப்பாக? அதை உசுரோட இருக்கையில கழட்ட ஒரு ஆளு இல்லையா? நீயும் பொம்பளைதானே, பாத்துக்கிட்டு நிக்கிறியே!" என்று கத்திவிட்டேன். ஜெபம் என்று அதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்திருக்கிறது. செருப்போடு உள்ளே வந்தார். "எந்திரி, போவோம்" என்றார். அவ்வளவுதான். தெருவெல்லாம் மாமியார் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

டாக்டர் வீட்டு உள்ளறையில் என் தலைவழியே தாலியை என் வீட்டுக்காரரே கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். நிலைப்படியில் நின்ற தன் தாயைப் பார்த்து, "தாலி கீழ எறங்கலம்மா. எங்கிட்டதான் இருக்கு. என்ன வந்தாலும் எனக்கே வரட்டும்" என்றார். கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை, ஊசியை எடுத்தார்.

மரு போயிற்று, முடி போயிற்று, தையல் போட்டார்கள். பென்சிலின் ஊசியில் காய்ச்சலும் இறங்கியது. புண் ஆறும்வரை அவர் சட்டைக்குள் தாலியோடுதான் பள்ளிக்கூடம் போனார். பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்து, தாலி வாத்தியார் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இன்றுவரை அது போகவில்லை.

மாமியார் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் இருமினால் போதும், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று மாமியாரிடமிருந்து ஆள் வந்துவிடும். அதே மாமியார்தான் கோயில் வாசலில், தான் கொட்டிய உப்பு மிளகால்தான் மரு விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரோ மாதா கிருபையில் கல்லுமாதிரி இருக்கிறார்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கட்டி என்றாலும், புண் என்றாலும் நான் முன்னால் நிற்கிறேன். கூட்டிப்போகிறேன். கழற்ற வேண்டியதைக் கழற்றச் சொல்கிறேன், ஏச்சும் வாங்குகிறேன். என் அருமைச் சகோதரிகளே, மாதாவை நம்பிக் கேளுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் கோபமாகவாவது கேளுங்கள். அவள் அதற்கெல்லாம் முகம் திருப்புகிறவள் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது. மாமியாரை மன்னிக்க மனசு வேண்டும் என்று தவக்காலம் தவறாமல் கேட்கிறேன். கிடைக்கவில்லை. அதற்காக நீங்கள் ஆளுக்கு ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள். நான் சொன்னால் பாதியில் அவர் முகம் வந்துவிடுகிறது.