தண்ணீர் வந்த நாள்

"கடைசியா குளிச்சது எப்ப? தேதி வேணாம். அப்ப வயல்ல என்ன நடந்துச்சு, அதச் சொல்லு" என்றுதான் நர்ஸ் அகிலாண்டம் கர்ப்பிணிகளிடம் கேட்பார். நாற்று விட்டிருந்ததா, களை பறித்தார்களா, அறுப்பு முடிந்ததா என்று துருவித் துருவி மாதவிலக்கான நாளைப் பிடித்துவிடுவார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில்தான் அவருடைய துணை சுகாதார நிலையம். டீயை ஆறட்டும் ஆறட்டும் என்று வைத்திருந்து, கடைசியில் குடிக்காமலே கிளம்பிவிடுவார்.

எதற்கு இத்தனை விசாரணை என்று ஒருநாள் கேட்டேன்.

"வயித்துக்குள்ள இருக்கற புள்ளைக்கு மூளைக்கு அடியில ஒரு சுரப்பி சார், கடுகத்தனை. நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒண்ணு. நோயோட சண்ட போடற அணுவெல்லாம் அங்கதான் பாடம் படிக்கும். மேலேர்ந்து ஹார்மோன் எறங்கினாத்தான் அது ஒழுங்கா வளரும். அதுவும் சும்மா இல்ல, மேல பதில் அனுப்புது. ரெண்டும் பேசிப் பழகறது பொறக்கறதுக்கு முன்னாடியே. நாம வெளிய ஒக்காந்து, வளைகாப்புக்கு எத்தனை சாதம்னு பேசிட்டிருக்கோம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல வருஷமாகச் சொல்லிவரும் விஷயத்தை அவரும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர் மாதிரி சொன்னார்.

இந்த வருஷம் தை மாதக் கடைசியில், தலைஞாயிறு பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அறிவுமதி, இடுப்புவலியோடு வந்து நின்றாள். கர்ப்பிணி அட்டைப்படி முப்பத்தைந்து வாரம். முப்பத்து நான்குக்குள் என்றால் ஸ்டீராய்டு ஊசி போட்டாக வேண்டும். பிறக்கும் நேரம் நெருங்கும்போது குழந்தையின் மூளையே சுரக்கச் சொல்லும் ஹார்மோனுக்கு அது மாற்று. நுரையீரலைச் சீக்கிரம் தயாராக்கும். தைமஸைச் சுருக்கவும் செய்யும். தேவைப்படாத பிள்ளைக்குப் போடக்கூடாது.

"வயல்ல என்ன நடந்துச்சு?"

"ஆத்துல தண்ணி வந்த அன்னைக்குக்கா. அங்க நர்ஸுட்டயும் அதான் சொன்னேன்."

அந்த நர்ஸ் அட்டையில் எழுதியிருந்தது ஜூன் பன்னிரண்டு. மேட்டூர் அணை திறந்த தேதி.

அகிலாண்டம் பிறந்ததும் ஆற்றுத் தண்ணீர் பல நாள் கழித்து வந்து சேரும் கடைமடையில்தான். "அணையில தெறந்தா அன்னைக்கே ஒங்க ஊருக்கு வந்துடுமா? என்னைக்கு வந்துச்சு?"

"நாத்தனார் கல்யாணத்துக்கு மறுநாள்." அவள் யோசித்தாள். "ஜூலை ரெண்டுக்கா."

இருபது நாள் வித்தியாசம். முப்பத்திரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு ஊசியைப் போட்டு, நூற்றெட்டு ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்.

பெண் குழந்தை. அழுதுகொண்டே பிறந்ததாம். எல்லோருக்கும் நிம்மதி, அகிலாண்டத்துக்கு மட்டும் இல்லை. "மூச்சு வந்துடுச்சு சார். அந்த நெஞ்சுக்குள்ள என்ன செஞ்சு வச்சேனோ" என்று ஒன்றரை மாதம் புலம்பினார்.

ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட மறுநாள் காலை அறிவுமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதறி வந்தாள். "ஒடம்பு சுடுதுக்கா."

நோயோடு சண்டை போடும் அணுக்கள் ஊசி மருந்தை அடையாளம் கண்டு மூளைக்குச் சொல்லும். மூளை சூட்டை ஏற்றும். அதுதான் அந்தக் காய்ச்சல்; உள்ளே ரெண்டும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் இறங்கிவிடும்.

அகிலாண்டம் பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்தார். மேஜைமேல் தெர்மாமீட்டர் இருந்தது. அதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.