நேற்றுத் தைத்த குடலுக்கு இன்று பாலா?

"இண்டைக்கே பால் குடுக்கத் தொடங்கலாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தாயும் தகப்பனும் குழம்பிப்போய் நின்றார்கள். மூன்றாவதாகக் குழம்பியவன் நான்.

போன கிழமை, ஆஸ்பத்திரியில். தாய் சாளினி, என் அக்காவின் மகள். அவளுடைய மகனுக்கு ஏழு மாதம். பிறந்தபோதே குடலில் சிக்கல். வயிற்றில் ஒரு வழி திறந்து, மலம் பைக்குள் விழும்படி விட்டிருந்தார்கள். முதல்நாள்தான் குடலைப் பொருத்தி, அந்த வழியை மூடினார்கள்.

நேற்றுத் தைத்த குடலுக்கு இன்று பாலா?

எனக்கு அப்பென்டிக்ஸ் வெட்டியபோது நாக்கை நனைக்கக்கூட விடவில்லை. இவனையோ ஒப்பரேசனுக்கு முன்னரும் நெடுநேரம் பட்டினி போடவில்லை. என்ன வைத்தியம் இது?

உரும்பிராயிலிருந்து சாளினியின் மச்சாள் போன் எடுத்தாள். "குடுக்காதேங்கோ. தையல் விட்டிடும்."

சாளினியின் கணவன் நிரோசன் என்னைப் பார்த்தான். "மாமா, என்ன செய்யிறது?"

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது? "டொக்டரிட்டையே திரும்பக் கேள்" என்றேன்.

டொக்டர் சலிக்காமல் வந்தார். "முந்தி நாங்களும் நாள்கணக்கிலை பட்டினி போட்டனாங்கள். குடல் சும்மா கிடந்தால் வேலை செய்யப் பிந்தும், அம்மா. கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்கோ. வயிறு வீங்கினால், வாயாலை பச்சை நிறமாச் சத்தி எடுத்தால், உடனை சொல்லுங்கோ. தூக்கி மடியிலை வச்சிருங்கோ, பயமில்லை."

சாளினி கண்ணை மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். அவன் குடித்தான். நாங்கள் அவன் வயிற்றையே பார்த்தோம். வீங்குகிறதா? இல்லையா? எனக்கு வீங்குவதுபோல, நிரோசனுக்கு வற்றுவதுபோல... பழகிய பயம் இருக்கிறதே, அது கண்ணையும் நம்பவிடாது.

மறுநாள் மத்தியானம் பிள்ளை முகம் சிவக்க முக்கினான். நிரோசன் குனிந்து பார்த்தான். "மாமா... கக்கா இருந்திட்டான்."

சாளினி நாப்பியை அவிழ்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்ன தங்கச்சி, துடையுமன்" என்றார் தாதி.

"எனக்குத் துடைக்கத் தெரியாது, மிஸி."

ஏழு மாதமாகப் பை மாற்றிப் பழகிய கை அல்லவா? தாதி அவளுடைய கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். "இனி அடிக்கடி போவான். தோல் புண்படும். கழுவிக் கழுவிக் கிரீம் பூசுங்கோ, என்ன?"

"ஓம்" என்றாள். தானே துடைக்கத் தொடங்கினாள்.

ஒரு அழுக்கு நாப்பியைச் சுற்றி நின்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன் — அவர்களில் ஒருவன் நான்.