மூன்று சுற்று

பாடசாலை அதிபர் சச்சிதானந்தன் மாஸ்டர் கோட்டை எடுத்து மாட்டுகிறார் என்றால், யாரோ ஒரு தாய் முறைப்பாட்டோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். முறைப்பாட்டை அவர் ஒருநாளும் கதிரையில் இருந்து கேட்டதில்லை. "வாங்கோ தங்கச்சி, கொஞ்சம் நடந்து கதைப்பம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். மழையென்றால் குடையைத் தாமே பிடிப்பார். தமது தோள் நனைந்தாலும் பரவாயில்லை என்று அதைத் தாயின் பக்கமே சரித்துப் பிடிப்பார்.

கட்டடத்தைச் சுற்றி வர ஆறு நிமிடம் ஆகும். முதற் சுற்றில் ஊரும் உறவும். நீங்கள் எந்தப் பக்கம், ஆரின்ர மகள், மாமனார் சங்கக் கடையில் மனேச்சராக இருந்தவரோ என்று கேட்டு, எப்படியாவது ஒரு தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாம் சுற்றில் பாடசாலையின் வரலாறு. நான்கு பிள்ளைகளோடு ஒரு நிலக்கீழ் அறையில் தொடங்கியதும், இந்த வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் தரச்சொல்லி நகரசபைக்கு அவர் நடையாய் நடந்ததும் வரும். பத்திரிகையில் நாலு வரி வந்தால் கட்டடக் கதவின் திறப்பை அடுத்த நாளே திருப்பிக் கேட்பார்கள் என்பதும் வரும். மூன்றாம் சுற்றில் குரல் தாழும். "பொம்பிளைப் பிள்ளை, தங்கச்சி. நாளைக்கு அவளின்ர பேர்தானே அடிபடும்."

வாசலுக்குத் திரும்பும்போது, "சரி மாஸ்டர், நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்று அந்தத் தாய்தான் சொல்லுவார். போகும்போது நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். நான்காம் சுற்றுப் போனவர்கள் என்று வில் நகரத் தமிழ்ப் பாடசாலையின் பதினான்கு வருடத்தில் ஒருவரும் இல்லை.

கிழமை நாட்களில் அவர் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் தொழிற்சாலையில் ஒரு ஷிக்ட் வேலை அணியின் தலைவர். அங்கே ஒரு மூடியின் விளிம்பில் மயிரளவு பிசிறு இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டு, மெசின் இலக்கம், நேரம், காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைப்பார். அவருடைய அறிக்கைகளை மாதிரியாகக் காட்டிப் புதியவர்களுக்குப் பாடமே நடக்கிறதாம். அதே மனிதர் சனிக்கிழமை பாடசாலைக்குள் வந்தால் பேனையைத் தொடமாட்டார். "எழுதினால் நிக்கும், கதைச்சால் போயிடும்" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமையும் இருக்கும்.

கெட்ட மனிதர் என்றால் எழுதிவிட்டுப் போய்விடலாம். அதுதான் இல்லை என்பதே எரிச்சல். தொண்ணூறு பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குக் கச்சான் கடலை ஒத்துவராது, எதற்கு மூச்சிழுப்பு என்பதெல்லாம் மனப்பாடம். படிகளில் வழுக்காத நாடா ஒட்டியவர் அவர்தான். வருடத்தில் இரண்டு தடவை விசில் ஊதித் தீப்பயிற்சி நடத்துவார். பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வந்து சேரும்வரை நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். போன வருடம் மூன்று நிமிடம் பத்து விநாடி. "பிள்ளையளின்ர பாதுகாப்பில நான் விட்டுக்குடுக்கமாட்டன்" என்று பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. நெருப்பிலிருந்தும் படியிலிருந்தும் கச்சானிலிருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே முழுப் பாதுகாப்பு இருந்தது.

விஜிதரன் எட்டாம் வகுப்புக்குப் படிப்பித்தார். நல்ல தமிழ், நல்ல குரல். பேச்சுப் போட்டி என்றால் அவருடைய வகுப்புக்கே கிண்ணம். பஸ் சரியாக ஓடாத கிராமங்களில் இருந்து வரும் ஐந்து பிள்ளைகளைப் பாடசாலை முடிந்ததும் தமது சாம்பல் நிறக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் இறக்கிவிடுவதும் அவர்தான். கேட்டு வாங்கிய வேலை அது. கடைசியாக இறங்குபவள் பதின்மூன்று வயது அக்‌ஷயா. தாய் சுகந்திக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் சனிக்கிழமையும் வேலை. தகப்பன் பிரிந்துபோய் வேறெங்கோ இருக்கிறார். அதனால் விஜிதரன் மாஸ்டரின் கார் தெய்வம் அனுப்பியது போல என்று சுகந்தி நினைத்திருந்தார்.

தைமாதச் சனிக்கிழமை ஒன்றில் அக்‌ஷயா காரில் ஏறாமல் பனிக்குள் ஒன்றேகால் மணித்தியாலம் நடந்து வீட்டுக்கு வந்தாள். காலுறை நனைந்து விரல்கள் விறைத்துப் போயிருந்தன. தாய் அவளுடைய கால்களைச் சுடுதண்ணீரில் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் சொன்னாள். மற்றவர்கள் இறங்கியதும் அவர் தன்னை முன்னுக்கு வந்து இருக்கச் சொல்லுவாராம். கடையொன்றின் பின்னால் காரை நிறுத்திவிட்டுக் கதைத்துக்கொண்டே இருப்பாராம். கேட்கக் கூடாததெல்லாம் கேட்பாராம். கதவு பூட்டியே இருக்குமாம். "நான் வீட்ட போகோணும் எண்டு சொன்னால் சிரிக்கிறார், அம்மா."

அடுத்த சனிக்கிழமை சுகந்தி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். சச்சிதானந்தன் கோட்டை மாட்டினார். ஊர் வந்தது, வரலாறு வந்தது. மூன்றாம் சுற்றில், சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில், சுகந்தி நடக்காமல் நின்றுவிட்டார். அப்படி யாரும் நின்றதில்லை. அதிபர் இரண்டடி முன்னால் போய்த்தான் கவனித்தார்.

"என்ர பிள்ளை பொய் சொல்லமாட்டாள், மாஸ்டர்."

"பொய் எண்டு நான் சொன்னேனோ? விளங்காமல் சொல்லுறாள் எண்டுதான் சொல்லுறன். பொலிசு, அது இதெண்டு போனால் கேள்வி கேக்கிறது அவரையில்லை, இவளைத்தான். நீங்கள் தனிய இருக்கிறனீங்கள், தங்கச்சி. யோசியுங்கோ."

சுகந்தி யோசித்தார். தனிய இருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் போதும். பிறகு நடந்தார்.

அன்றே அதிபர் நடவடிக்கை எடுத்தார். அப்படித்தான் அவர் சொல்லுவார். காரில் இறக்கும் வரிசையை மாற்றினார். அக்‌ஷயா முதலில் இறங்க வேண்டும், பத்து வயது கோபிஷா கடைசியில். இதற்குத் தீர்வு என்று பெயர். விஜிதரனோடும் மைதானத்தில் ஒரு சுற்றுப் போனார். ஆசிரியர்களுக்கு ஒன்றுதான், மூன்று தேவையில்லை. "தம்பி, பெற்றோர் கொஞ்சம் ஒரு மாதிரிக் கதைக்கினம், கவனம்" என்றார். ஆர் சொன்னது என்று விஜிதரன் கேட்க, ஒளிக்க என்ன இருக்கிறது என்று பெயரையும் சொல்லிவிட்டார். அதன் பிறகு எட்டாம் வகுப்பில் அக்‌ஷயா கை உயர்த்தினால் ஆசிரியரின் கண்ணுக்கு அது படுவதேயில்லை.

கீழ் வகுப்புக்குப் படிப்பிக்கும் சஜீதாவுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. இங்கேயே பிறந்தவள், இருபத்தேழு வயது, கிழமை நாட்களில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அங்கே ஒரு பிள்ளை இப்படி ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே எழுதி மேலே கொடுக்காவிட்டால் தனக்கு வேலை போய்விடும் என்று அதிபரிடம் சொன்னாள். தானே எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கத்தையும் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"அது வெள்ளையளின்ர இடம், பிள்ளை. இது எங்கட இடம்."

"பிள்ளையள் ஒரே பிள்ளையள்தானே, சேர்."

இரண்டு கிழமை கழித்து, நீங்கள் களைத்துப்போய் இருக்கிறீங்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. ஆறு வருடம் படிப்பித்தவள் தனது கத்தரிக்கோலையும் வண்ணப் பென்சில் பெட்டியையும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்துக் கதவால் போனாள். அவளுக்கு ஒருவரும் பூ வாங்கவில்லை.

சித்திரை பிறக்கும்போது கோபிஷாவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, திங்கட்கிழமை இல்லை. தாய் தொலைபேசியில் அதைச் சொல்லிச் சிரித்தார், படிக்கக் கள்ளம் என்று. அதிபர் சிரிக்கவில்லை. வரவுப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே இருந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார் என்று தேநீர் கொண்டுபோனவர் பிறகு சொன்னார். அன்றைக்கு அவருக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியவர் செய்தது என்ன? ஒரு பிரியாவிடை விழாவுக்குத் திகதி வைத்தார்.

நம்மவர்களிடம் ஒருவரை வெளியே அனுப்ப இதைவிட மரியாதையான வழி கிடையாது. பொன்னாடை போர்த்து, மாலை போட்டு, ஒரு பட்டமும் கொடுத்துவிட்டால் ஏன் போகிறார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். தூர நகரமான நொஷாட்டலில் தமது மச்சானின் கடையில் விஜிதரனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவரும் அதிபர்தான். அங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியர் தட்டுப்பாடு என்று தெரிந்துகொண்டு அங்கேயும் ஒரு சொல் போட்டு வைத்தார். இவ்வளவு பாட்டையும் அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்காகப் பட்டிருந்தால் இதை எழுதவே தேவை வந்திருக்காது.

வைகாசியில் நொஷாட்டல் பாடசாலை நிர்வாகி குலேந்திரன் தொலைபேசி எடுத்தார். சச்சிதானந்தன் தொழிற்சாலையின் ஓய்வறையில் நின்றிருந்தார். குலேந்திரன் நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "அண்ணை, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. இஞ்ச பிள்ளையள் தூரத்தில இருந்து வருகினம். வந்த உடன காரில ஏத்தி இறக்கிறன் எண்டு விஜிதரன் இப்பவே தானாக் கேக்கிறார். நம்பி விடலாமோ?"

ஓம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சச்சிதானந்தன் கோப்பி இயந்திரத்தின் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

"குலேந்திரன், பதினொரு வருசத்தில அவர் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை."

"அது போதும் அண்ணை" என்று மறுபக்கத்தில் குலேந்திரன் நிம்மதியாகச் சிரித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னபோது, தான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை என்று அதிபர் இரண்டு தடவை சொன்னார். மனைவி எதுவும் கேட்காதபோதே அவர் அப்படிச் சொன்னார்.

விழா ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை. வாழ்த்து மடல் வாசிக்க ஒரு மாணவி வேண்டும். அதிபர் அக்‌ஷயாவைத் தெரிவு செய்தார். வகுப்பில் நல்ல உச்சரிப்பு அவளுக்குத்தான் என்பது உண்மை. அவளே வாசித்தால் பிறகு ஒரு கதையும் எழும்பாது என்பது அதைவிடப் பெரிய உண்மை. சுகந்தியால் மறுக்க முடியவில்லை, மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அக்‌ஷயா சேலை உடுத்து மேடைக்கு வந்தாள். 'எம் உள்ளங்களில் ஒளியேற்றிய ஆசானே' என்று தொடங்கிக் கடைசி வரிவரை ஒரு எழுத்துப் பிசகாமல், தலை நிமிராமல் வாசித்தாள். விஜிதரனுக்குத் 'தமிழ்ப்பணிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். அதிபர் போர்த்த பொன்னாடை அவருடைய நிறத்துக்கு நன்றாகவே எடுத்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது, சுகந்தியும்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மணிக்குச் சனம் கலைந்தது. வானம் கறுத்து இடி முழங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட் வந்து நிலத்தையும் கதிரைகளையும் பார்த்துச் சரி என்றால்தான் அதிபர் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்வார்ட் ஐந்தரைக்குத்தான் வருவார். மனைவி பின்னேர வேலைக்குப் போய்விட்டார். பதினொரு வயது மகள் கிருசிகா நடன உடுப்போடு, பசிக்குது அப்பா, வீட்ட போவம் என்று நச்சரித்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதும் தகப்பனின் காரில் வந்து தகப்பனின் காரிலேயே போகிறவள். வெளிப்படியின் கூரைக்குக் கீழே சுகந்தியும் அக்‌ஷயாவும் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

விஜிதரன் பொன்னாடை தோளிலேயே இருக்க, மாலையைப் பின் ஆசனத்தில் வைத்துவிட்டு வந்தார். மனதார உதவுகிறவர்களின் குரலில் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் ஆறுதலா வாங்கோ. கிருசிகாவை நான் இறக்கிவிடுறன். என்ர வழிதானே."

கிருசிகா சந்தோசமாகப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு படியால் இறங்கினாள். விஜிதரன் முன் கதவைத் திறந்து பிடித்தார்.

சச்சிதானந்தன் இரண்டு கையிலும் கதிரைகளோடு வந்துகொண்டிருந்தார். அவை கல்நிலத்தில் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் நான்கு படிகளையும் ஒரே எட்டில் தாண்டிப்போய், காருக்குள் ஒரு காலை வைத்துவிட்ட மகளின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் தடுமாறி அவருடைய நெஞ்சில் மோதினாள். அவளைத் தமக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

சுகந்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்‌ஷயாவும் பார்த்தாள்.

"அப்பா, நோகுது" என்றாள் கிருசிகா. "விடுங்கோ அப்பா, நோகுது."

அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.