முதல் தர ஷீட்டில் வெட்டிய வாஷர்

1931ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரண்டு நாளாக மழை இல்லை. ஆனாலும் தரை காயாமல், செம்மண்ணிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பால் ஸ்டோரின் பின்கட்டுக் கதவை அப்பா திறந்ததும் முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்திலும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கிலும் உறைந்துபோகும் பாலைச் சுரண்டிக் குவித்து வைப்பார்கள். அதற்கு ‘ஒட்டுப்பால்’ என்று பெயர். அடைமழைக் காலத்தில் அந்தக் குவியல் புளித்து, நுரைத்து, கீழே ஒருவிதச் சாறு விட்டு நிற்கும். அதன் நாற்றம் மூக்கோடு நிற்காது. நாக்கில் வந்து உட்காரும், சட்டையில் ஏறும், சோற்றுத் தட்டு வரை கூட வரும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை நினைத்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்காக.

அந்த நாற்றத்துக்குள் தொண்ணூற்றேழு நாள் நின்றிருந்தது அப்பாவின் மோட்டார் சைக்கிள்.

எங்கள் தோட்டம் லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது. நவம்பரில் மழை பிடித்தால் தோட்டத்து ரோடு முழங்கால் சேறாகிவிடும். மாட்டு வண்டியே அச்சு வரை புதையும்போது மோட்டார் சைக்கிள் எங்கே போகும்? ஆகவே நவம்பர் 10ஆம் தேதி அப்பா அதன் டாங்கியைக் காலி செய்து, மேலே இரண்டு கோணிச் சாக்கைப் போர்த்திப் பின்கட்டில் நிறுத்தினார். அவர் ஸ்டோர்க் கிராணி, அதாவது கணக்கர். புகையில் காய்ந்து வரும் ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. ரப்பரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவரும் நம்பினார், பத்து வயதில் நானும் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுத்ததற்குக் காரணம் இருந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்தில் இரண்டு கிராணிகள், அப்பாவும் ‘சின்னக் கிராணி’ என்று அழைக்கப்பட்ட இன்னொருவரும். புதிதாக வந்திருந்த துரை இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், “ரெண்டு கிராணி வேணாம். ஒரு கிராணி போதும். திங்கக்கிழமை அஞ்சரை மணி, மேல் டிவிஷன் பெரட்டு. எட்டு மணி, இங்க ஆபீஸ். யார் பேர் புக்கு கொண்டு வர்றான், அவன் கிராணி” என்று முடித்துவிட்டார். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுப்பது. மேல் டிவிஷன் பதினோரு மைல். சின்னக் கிராணியிடம் இருந்தது சைக்கிள். அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆகவே வேலை தமக்குத்தான் என்று அப்பா சனிக்கிழமையே முடிவு செய்துவிட்டார்.

வண்டியின் கீழே தரை ஈரமாக இருந்தது. எது ஒழுகிற்று என்று கண்டுபிடிக்க, வண்டியை மேடான இடத்தில் நிறுத்தி, கீழே பழைய செய்தித்தாள்களை விரித்து, விழும் ஒவ்வொரு கறையையும் பென்சிலால் வட்டமிட்டு எண் போடச் சொன்னார். எண்ணுவது எனக்குப் பிடிக்கும்; எல்லாவற்றையும் எண்ணுகிறான் என்று வீட்டில் என்மேல் புகார் உண்டு. அரை மணி நேரத்தில் ஆறு கறைகள் விழுந்தன. அவற்றைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்க வேண்டிய வேலையும் எனக்கே வந்தது, அப்பாவின் மூக்கு பால் ஸ்டோரில் பதினொரு வருடம் உழைத்து மரத்துப்போயிருந்ததால்.

முதல் கறை கறுப்பு எண்ணெய், எஞ்சினின் அடியிலிருந்து. அந்தக் காலத்து எஞ்சின் குடித்த எண்ணெயைத் திரும்ப வைத்துக்கொள்ளாது. போகிற வழியெல்லாம் துப்பிக்கொண்டே போகும். அதனால் அது நோயில்லை, வண்டியின் சுபாவம் என்று அப்பா தள்ளிவிட்டார். இரண்டாவது, கியர்ப் பெட்டியின் கொழகொழத்த கிரீஸ். பழுத்த புண்ணிலிருந்து வருவதுபோல் மெதுவாகத் திரண்டு, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது, முன் விளக்கின் அடியிலிருந்து வடிந்த சாம்பல் நிறக் குழம்பு. அது கார்பைடு விளக்கு; கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு வந்து எரியும். மழைக்கு முன் கழுவாமல் விட்டிருந்த சுண்ணாம்புச் சேறு அழுகின பூண்டு வாசனையோடு இறங்கிக்கொண்டிருந்தது. நான்காவது, துருப்பிடித்த மழைத்தண்ணீர்.

ஐந்தாவது மஞ்சளாக, இருக்கைக்குக் கீழேயிருந்து சொட்டியது. அது என்னவென்று முகர்ந்தும் தெரியவில்லை. “நாக்குல வச்சுப் பாருடா, எண்ணெயா தண்ணியான்னு தெரிஞ்சிரும்” என்றார் அப்பா. வைத்தேன். உப்புக் கரித்தது. அப்பா இருக்கைக்குக் கீழிருந்த சாமான் பெட்டியைத் திறந்தார். உள்ளே கோணிச் சாக்கின் நாரில் கூடு கட்டி, கண் திறக்காத இளஞ்சிவப்பு எலிக்குஞ்சுகள் ஏழு நெளிந்துகொண்டிருந்தன. நான் ஓடிப்போய்க் குழாயடியில் பதினான்கு முறை வாய் கொப்பளித்தேன். அம்மா வாசலில் நின்றபடி, “என்னங்க, ஒழுகாத எடம் எதுன்னு கேளுங்க, அதை எண்ணுறது சுலபம்” என்றாள். அப்பா அடுத்த கறையின்மேல் குனிந்தார்.

ஆறாவது கறைதான் ஆபத்தானது. உண்மையில் அது கறையே இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த மரைக்காயர், சைக்கிளின் பின்னால் ஒரு டின் பெட்ரோலைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார். அதிலிருந்து டாங்கியில் ஊற்றிய பிறகு, செய்தித்தாளில் ஒரு வட்டம் நனைவதும், தொட்டால் விரல் சில்லிடுவதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடையாளமில்லாமல் காய்ந்துபோவதுமாக இருந்தது. டாங்கியின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு இருக்கும். அதற்கு உள்ளே இருந்த தக்கை வாஷர் மூன்று மாதம் காய்ந்து சுருங்கிப் பொடியாகியிருந்தது. அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு. வேறு எது ஒழுகினாலும் வண்டி ஓடும். இது ஒழுகினால் சூடான எஞ்சினில் விழுந்து தீப்பிடிக்கும்.

“அலமாக்! இதோட ஏறி உக்காந்துறாதீங்க கிராணியாரே, வேட்டியோட வெந்துருவீங்க” என்றார் மரைக்காயர். “ஒரு துண்டு மாட்டுத்தோலு வெட்டி, எண்ணெயில ஊறப்போட்டு வைங்க. கடையில பழைய செருப்புத் தோலு கெடக்கு, தம்பிய அனுப்புங்க, சும்மாவே தர்றேன்.”

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. தரம் குறைந்த ஷீட்டை ஓரமாக எறியும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. “பாய், உலகமே நம்ம ரப்பர வாங்கித்தான் ஒழுகுறத அடைக்குது. ரப்பர் தோட்டத்துல குந்திக்கிட்டு நான் செருப்புத் தோலுக்கு அலையணுமா?”

“உங்க இஷ்டம் லா. எனக்கு ரப்பரத் தெரியாது, அரிசி பருப்புத்தான் தெரியும்” என்று மரைக்காயர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்பா புகைக் கொட்டகைக்குப் போய், நூறு ஷீட்டுகளுக்கு மேல் புரட்டி, குமிழியில்லாத, தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும் முதல் தர ஷீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதிலிருந்து அம்மாவின் கத்திரிக்கோலால் ஒரு காசளவு வட்டம் வெட்டி, நடுவில் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டது நான். திருகைக் கழற்றி அதை வைத்து இறுக்கினோம். பிறகு நான் ஒரு குத்துக்கட்டையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். முதல் பத்து நிமிடத்தில் மூன்று சொட்டு. அடுத்த பத்தில் ஒன்று. அதன்பின் ஒரு மணி நேரம் முழுவதும் ஒன்றுகூட இல்லை. “பாத்தியா?” என்றார் அப்பா அம்மாவிடம். “முதல் தரம்!”

திங்கட்கிழமை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். முப்பது கஜம் தள்ளியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார்பைடு விளக்கின் வெளிச்சத்தில், பெயர் புத்தகத்தை மடியில் அணைத்துக்கொண்டு நான் மைல் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். நான்காவது கல் தாண்டியதும் எஞ்சின் இருமியது. ஐந்தாவது கல்லில் திணறியது. ஆறாவது கல்லைத் தொட்டதும் நின்றுவிட்டது.

எவ்வளவு தள்ளியும் பிடிக்கவில்லை. அப்பா விளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே பெட்ரோல் இல்லை. பழுப்பு நிறத்தில், சளி பிடித்த குழந்தையின் மூக்கிலிருந்து தொங்குவதுபோன்ற ஒரு கொழகொழப்பு இருந்தது. விரலால் எடுத்தால் அறாமல் ஒரு முழம் நீண்டு வந்தது. பெட்ரோல் பீறும் ஊசித் துளையை வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சித் துப்பினார். அவர் தாடையிலும் சட்டையிலும் அது நூல் நூலாக ஒட்டிக்கொண்டு தொங்கியது. டாங்கியின் திருகைக் கழற்றிப் பார்த்தார். வாஷர் இருந்த இடத்தில் பசைதான் இருந்தது. அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, புல்லில் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் புல்லும் ஒட்டிக்கொண்டது.

நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, வண்டியை வீட்டை நோக்கித் தள்ள ஆரம்பித்தோம். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பின்னாலிருந்து, மேல் டிவிஷன் பக்கமாக, சின்னக் கிராணி சைக்கிளில் எங்களைப் பிடித்துவிட்டார். மூன்று மணிக்கே கிளம்பிப் போய்ப் பெயர் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இடுப்பு வரை செம்மண்.

“என்னண்ணே, வண்டிக்குச் சளி புடிச்சிருச்சா?” என்று கேட்டவர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் இறங்கி நின்றார். “பின்னால ஏறுங்கண்ணே. ஆபீசுக்குச் சேர்ந்தே போவோம். தொரைகிட்ட நான் சொல்றேன்.”

“நீ போடா” என்றார் அப்பா.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது இருபது. துரை அப்பாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ நல்ல கிராணி” என்றார். “ஆனா ஒரு கிராணி போதும்.”

அன்று மாலையிலிருந்து அப்பா எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார்: மரைக்காயர் பெட்ரோலில் எதையோ கலந்துவிட்டார் என்று. திருகைக் கழற்றிய கையோடு வாஷர் கரைந்திருந்ததைப் பார்த்தவர் அவர். விளக்குப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். ஆனாலும் லயத்து வரிசையில் எட்டு வீட்டில் அவர் இதைச் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், எண்ணிக்கொண்டு. செய்தி மரைக்காயருக்குப் போகாமல் இருக்காது. தோட்டத்து லாரிக்காரர் அவரிடம் பெட்ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார். மாதக் கடைசியில் எங்களை வீடு காலி செய்யச் சொன்னபோது மரைக்காயரே வந்து, “கடையில கணக்கெழுத ஆளு வேணும் கிராணியாரே, வாங்க” என்றார். பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

தோட்டத்துக்காரர்கள் ரப்பரைப் பாலாகவும் ஷீட்டாகவும்தான் பார்த்திருக்கிறோம். அதைக் கப்பலேற்றிய பிறகு, கந்தகம் சேர்த்து வேகவைத்து உரமேற்றிய பின்தான் டயரும் வாஷரும் ஆகிறது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வயதில் படித்தேன். வேகாத ரப்பர் பெட்ரோலில் முதலில் ஊதி அடைக்கும், பிறகு கரையும். இதில் என்னை இன்றும் குமட்ட வைப்பது என்னவென்றால், வண்டி டியூபுக்கு ஒட்டுப்போட அப்பா வைத்திருந்த ‘சொலுஷன்’ பெட்ரோலில் கரைத்த ரப்பர்தான்; வாரம் ஒருமுறை அதை விரலில் தொட்டவர் அவர். அன்று படித்ததை அப்பாவிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். மரைக்காயரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று மைல்கூட இல்லை, அதே கடையின் பின்புறத்தில்தான் குடியிருந்தோம். சொல்லவில்லை.

போன மாதம் மகனோடு அந்தப் பக்கம் போனேன். பால் ஸ்டோரும் புகைக் கொட்டகையும் இல்லை. ரோட்டின் இரு புறமும் எண்ணெய்ப்பனை. ஒட்டுப்பால் நாற்றமும் இல்லை, அதற்காக நான் வருந்தவில்லை. மரைக்காயரின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அவருடைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் மகன் பெட்ரோல் போடக் காரை நிறுத்தினான். வாசனை வந்ததும் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன்.

மரைக்காயருக்கு அந்தப் பேச்சால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஆனதைத்தான் என்னால் எண்ண முடியும்: செடெனாக் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்கும் வரை இருபத்தொன்பது மாதம், மாதத்துக்கு இருபத்தைந்து வெள்ளி குறைந்த சம்பளம், வண்டியை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் வித்தியாசம் நாற்பத்தொன்பது வெள்ளி, அந்த ஒரு டின் பெட்ரோல் ஒரு வெள்ளி நாற்பது காசு. ஆக மொத்தம் எழுநூற்று எழுபத்தைந்து வெள்ளி நாற்பது காசு.