கொட்டகையில் அணையாத வண்டி

விரல்கள் வயர்க்கட்டின் மேல் மெல்ல நகர்ந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சாண் நீளத்தைப் பிடித்து வளைக்கும், நிமிர்த்தும், லேசாக இழுத்துவிடும். பிறகு அடுத்த சாண். நகக்கண்களில் கருப்புப் பசை. இடது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு முறை திக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த விரல்கள் கேட்டது. அது திக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சீராக ஓடியது.

அந்த விரல்களின் சொந்தக்காரியை எல்லோரும் பல்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய முகப்பு விளக்கின் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயரை ஒட்டி எப்போதும் தோளில் மாட்டியிருப்பாள். மீட்டரும் வைத்திருந்தாள், ஆனால் அதை முழுதாக நம்பமாட்டாள். வயருக்குள் ஒரே ஓர் இழை பிழைத்திருந்தாலும் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். பல்புக்கு ஒரு இழை போதாது. அது மங்கி நின்று உண்மையைச் சொல்லும். ஊரெல்லாம் பல்பு வாங்கினவன் கடைசியில் பல்புகிட்டதான் வரணும் என்று அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார். அவர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்ப்பவர். மாவு மூட்டை தூக்கித் தூக்கி உடம்பும் மூட்டை மாதிரியே ஆகிவிட்டது என்று அவரே சொல்வார்.

பெட்ரோல் பங்க்கின் பின்புறத்தில் இருந்தது அவள் கொட்டகை. பேட்டரிக் கடையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனவள், யாரும் சொல்லித்தராமலே, செத்த வண்டிகளின் வயரைப் பிரித்துப் பிரித்துத் தொழிலைக் கற்றாள். பிறகு மலைப்பாதை வண்டிகள் வரத் தொடங்கின. ஏடிவி என்பார்கள். மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்காரும் இருக்கை, ஆனால் கீழே தடித்த நான்கு சக்கரங்கள். வயர் எரிந்து தோட்டத்து மூலையில் கிடந்த ஒன்றை அவளே வாங்கிச் சரிசெய்தாள். விடுமுறை நாட்களில் அதில் காட்டுப் பாதைக்குப் போவாள். சேற்றில் வண்டி வழுக்கும்போது பிடியை இறுக்காமல், முழங்காலைத் தளரவிட்டு, கால்பலகையில் எழுந்து நின்று போக வேண்டும். அப்படிப் போய்விட்டு முகமெல்லாம் சேறாகத் திரும்புகிற நாளில் மட்டும்தான் அவள் வாய்விட்டுப் பாடுவாள். நல்ல குரல் இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது கொட்டகையில் நிற்பது தம்பியின் வண்டி.

அது இறக்கத்தில் அணைகிறது. மேட்டில் இல்லை, சமதரையில் இல்லை. ஓடை இருக்கும் பக்கம் இறங்குகிற பாறைச் சரிவில் மட்டும். எஞ்சின் ஓடும்வரை பெல்ட் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வண்டி அடக்கமாக இறங்கும். எஞ்சின் நின்ற கணத்தில் பெல்ட் பிடியை விட்டுவிடும். அதற்கப்புறம் அது வண்டியே இல்லை, உருளும் பாரம். பிரேக்கை அழுத்தினால் ஈரப் பாறையில் சறுக்கும், விட்டால் பாயும். இதுவரை இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது, இரண்டு முறையும் தம்பி ஒரு மரத்தின் பக்கமாகத் திருப்பி, அதில் முட்டி நிறுத்தித் தப்பித்திருக்கிறான். பிறகு கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பியிருக்கிறது.

இரண்டாவது முறை என்பதுதான் அவளைக் குடைந்தது. முதல் முறை அவன் கொண்டுவந்தபோது, சாவிக்குக் கீழே உள்ள இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததைக் கண்டாள். சுத்தம் செய்தாள், பசை தடவினாள், சரியாகிவிட்டது என்று கொடுத்தனுப்பினாள். பச்சை பூத்தது உண்மைதான். ஆனால் அணைந்ததற்கு அதுதான் காரணம் என்பதை அவள் பார்க்கவில்லை, நம்பிக்கொண்டாள். அவள் தொழிலில் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஒரே அளவுகோல்தான் உண்டு. சொன்னபோது கோளாறு வர வேண்டும், சொன்னபோது போக வேண்டும். அதைச் செய்து பார்க்காமல் விட்டதால் தம்பி மறுபடியும் அந்தச் சரிவில் உருண்டிருக்கிறான். இந்த முறை இன்னொரு பச்சையைக் கண்டு ஏமாறக்கூடாது. மூன்றாவது முறை முட்டி நிற்க மரம் இருக்குமோ இருக்காதோ.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். வார இறுதியில் பத்துப் பதினைந்து பேரை மலைக்குக் கூட்டிப்போகிறவன் அவன்தான், முன்னால் போகும் வண்டி அவனுடையது. ஓடுகிற எஞ்சினைக் கேட்டுவிட்டு, நல்லாத்தானே இருக்கு, குடுத்துடேன் என்றான்.

அவள் எஞ்சினை நிறுத்தவில்லை. அணைந்தபோது விளக்கு போட்டிருந்தாயா, எந்தப் பக்கம் திருப்பினாய், நின்றுகொண்டு ஓட்டினாயா உட்கார்ந்தா, பெட்டி ஏதாவது கட்டியிருந்தாயா என்று டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். சூடாகித்தான் அணைகிறது, ஆறினால் கிளம்பிவிடுகிறது என்றான்.

"தனியாத்தானே போன?"

"தனியாத்தான்க்கா."

பதில் சட்டென்று வந்தது. அவள் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

கொட்டகையில் அணையாதது சரிவில் அணையும் என்று மறுநாள் அவளே அதை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மண். வேர்கள் குறுக்கே ஓடும் இடத்தில் வண்டி துள்ளியபோது, வந்த காரியத்தை மறந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வண்டி. அவளுடையதைவிடப் பாய்ச்சல் அதிகம். ஒரு மேட்டின் உச்சியில் நிறுத்தி, கையுறையைக் கழற்றி எஞ்சின் சூட்டில் விரல்களைக் காய்ச்சினாள். எதிரே மரங்கள் கீழ்நோக்கி இருட்டிக்கொண்டு போயின. கீழே எங்கோ தண்ணீர்ச் சத்தம். அங்கே பறவை எதுவும் கத்தவில்லை.

சரிவில் இறங்கும்போது உடம்பு முழுவதும் காதாக இருந்தது. அணை, அணைந்து தொலை என்று மனம் சொன்னது. அணைந்துவிடாதே என்று வயிறு சொன்னது. பாதி வழியில், ஒரு மரத்தின் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பம்பர் உயரத்தில். தம்பி திருப்பிய மரம் அதுதான். அதற்கு அப்பால் ஒரு வண்டி அகலத்துக்குத் தரை, அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

வண்டி அணையவில்லை. திரும்ப ஏறி, விளக்கைப் போட்டு இறங்கினாள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி இறங்கினாள். ஒவ்வொரு முறையும் அது சொன்னபடி கேட்டு, ஓடைக்கரையில் நின்று, முனகிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அவள் பாடவில்லை.

கணவர் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தபோது, வண்டி கொட்டகை நடுவில் ஓடிக்கொண்டிருக்க, அவள் தரையில் மண்டியிட்டு அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் ஒரே ஸ்பேனரும் திருகும். அவர் சுற்றிலும் பார்த்தார், உட்கார வேறு இடம் கிடைக்கவில்லை. வண்டியின் பின்னால் சாமான் கட்டுகிற கம்பி ரேக்கின் முன்விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

எஞ்சின் நின்றது.

கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. அவர் டப்பாவைத் தூக்கிப் பிடித்தபடி, "நான் ஒண்ணையும் தொடலம்மா" என்றார்.

"எழுந்திரிங்க."

எழுந்தார். அவள் சாவியைத் திருப்பினாள். கிளம்பியது.

"உக்காருங்க."

நின்றது.

மறுபடியும் எழச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். நடுவில் உட்காரச் சொன்னாள், அணையவில்லை. முன்விளிம்புக்கு நகரச் சொன்னாள், அணைந்தது. அடுப்படியில்கூட தன்னை இந்தப் பாடு படுத்தியதில்லை என்று அவர் முணுமுணுத்தார். சொன்னபோது வந்தது, சொன்னபோது போனது. அவள் இத்தனை நாள் தேடியது இதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த கணவர் முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டார்.

பின்னால் பாரம் இல்லாமல் இந்த வண்டி அணையாது. பெட்டி எதுவும் கட்டவில்லை என்று தம்பி சொன்னான். பெட்டியாக இருந்தால் கட்டிய இடத்திலேயே இருக்கும், இறக்கத்தில் மட்டும் முன்னால் நகர்ந்து வராது. நகர்ந்து வந்து ஓட்டுகிறவன் முதுகோடு ஒட்டிக்கொள்வது உயிருள்ள ஒன்று.

அவள் ரேக்கின் தாங்கியைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளாக வளைந்த வளைவு. ஒரு நாளில் வந்ததல்ல.

தம்பியை வரச்சொன்னாள். அவன் வந்ததும் கணவர் டப்பாவைக் கழுவும் சாக்கில் வெளியே போனார். அவள் சத்தம் போடவில்லை.

"பின்னாடி யார உக்கார வச்ச?"

அவன் வண்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"பாப்பாதான்க்கா. ரொம்ப ஆசப்பட்டுச்சு."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்." வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, "அவகிட்ட சொல்லிடாதக்கா" என்றான். அவன் மனைவி, குழந்தையை அந்த வண்டியில் ஏற்றவே கூடாது என்று சொல்லியிருந்தாள்.

அவள் அவனுக்கு விளக்கிச் சொன்னாள். இறக்கத்தில் பாப்பா சறுக்கி முன்னால் வந்து உன்னைக் கட்டிப்பிடிக்கிறது. அதன் எடை ரேக்கின் விளிம்பில் விழுகிறது. வளைந்த தாங்கி கீழே போகிற வயரை அமுக்குகிறது. பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர் அது. அமுங்கியதும் பம்பு நிற்கிறது, எஞ்சின் நிற்கிறது, வண்டி உருள்கிறது. நீ நிறுத்திக் குழந்தையை இறக்கிவிட்டதும் வயர் விடுபடுகிறது. நீ எஞ்சின் ஆறியது என்று நினைத்துக்கொள்கிறாய்.

அவன் ரேக்கின் முன்விளிம்பைத் தொட்டு அமுக்கிப் பார்த்தான். பிறகு சொன்னது ஒரே வாக்கியம். "பயத்துல அது இன்னும் இறுக்கிப் பிடிச்சுதுக்கா." பயந்தால் இறுக்கும், இறுக்கினால் அணையும், அணைந்தால் இன்னும் பயம்.  நீயே உன் மனைவியிடம் சொல்கிறாயா, நான் சொல்லவா என்று மட்டும் கேட்டாள். நானே சொல்கிறேன் என்றான்.

ரேக்கைக் கழற்றி, வயர்க்கட்டின் நாடாவைப் பிரித்தாள். அந்த வயரின் மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. கண்ணால் பார்த்தால் புதிது. விரலுக்கு மட்டும், ஓரிடத்தில், சதைக்குள் எலும்பு விட்டுப்போனதுபோல் தொளதொளவென்று இருந்தது. அந்த இடத்தை வெட்டி உரித்தபோது செம்பு இழைகள் கறுத்து உதிர்ந்தன. ஒன்றிரண்டு மட்டும் முனைகள் தொட்டும் தொடாமலும் இருந்தன. நல்ல வயர் சேர்த்து முறுக்கி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை மாட்டினாள். தாங்கி தொடாத பக்கமாகச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுபோய்க் கட்டினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. தாங்கியை அடித்து நிமிர்த்தி, ரேக்கை மாட்டி, கணவரை ஏற்றிக் குதிக்கச் சொன்னாள். எஞ்சின் அணையவில்லை. நாள் முழுக்க வேறு வேலைக்கு நடுவே வந்து வந்து அமுக்கிப் பார்த்தாள். அணையவே இல்லை. அவளுக்குத் தெரிந்து இவ்வளவு சுத்தமாக ஒரு கோளாறு தீர்ந்ததில்லை.

அது தீர்ந்ததுதான் அவளை உறுத்தியது. இத்தனை நாள் அந்தக் குழந்தையை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது அந்தக் கோளாறு ஒன்றுதான். அவள் ஸ்பேனரை எடுத்து ரேக்கை மறுபடியும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

வண்டியை எடுத்துப்போக மூவருமாக வந்தார்கள். தம்பி, அவன் மனைவி, பாப்பா. தம்பி மனைவி நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை என்றாள். கண் வீங்கியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப அணையாதுல்ல அண்ணி?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அணையாது."

தம்பி மனைவி மூச்சை விட்டாள். தோள்கள் இறங்கின. இனி வண்டி கிடையாது என்றதும் குழந்தை அழுது அழுது சாப்பிடக்கூட மாட்டேன் என்றது, புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சமாதானமானது என்றாள். பாப்பா சிவப்பு ஹெல்மெட்டை மாட்டியபடி வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அணையாதுங்கறது வேற, கவிழாதுங்கறது வேற. அது ஒரு ஆளுக்குன்னு செஞ்ச வண்டி. பின்னாடி யாருமே உக்காரக்கூடாது."

"மெதுவாத்தான்க்கா போவேன்" என்றான் தம்பி. "வயர்தானே பிரச்சினை. அதான் நீ கண்டுபிடிச்சுட்டியே."

தம்பி மனைவி ஆமோதிப்பதுபோல் தலையசைத்தாள். அவர்கள் இருவரும் அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது, பெருமைகூட இருந்தது. அவள் சொன்னதில் முதல் சொல் மட்டும் அவர்களுக்குள் போயிருந்தது. மீதியை அவள் இன்னொரு முறை சொன்னாள், வேறு சொற்களில், அந்த மரத்தையும் அதற்கு அப்பால் இல்லாத தரையையும் பற்றி. சரி சரி என்றார்கள். குடை எடுத்துப் போ என்று சொன்னால் சொல்வதுபோல.

தம்பி வண்டியைப் பார்த்து, ரேக் எங்கே என்றான். அவள் சுவரைக் காட்டினாள்.

"நான் மாட்டித் தரமாட்டேன்."

"பரவால்லக்கா. நாலு போல்ட்டுதானே, வீட்ல நானே மாட்டிக்கறேன்."

வண்டி அவனுடையது, ரேக்கும் அவனுடையது. வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமையில்லை. வைத்துக்கொண்டாலும் கடைத்தெருவில் இன்னொன்று கிடைக்கும். தம்பி ரேக்கைத் தூக்கி, வெளியே நிறுத்தியிருந்த சரக்கு வண்டியில் போட்டான். ஏடிவியைப் பலகை வழியாகத் தள்ளி ஏற்றிக் கயிறு கட்டினான். அவள் சாவியையும் போல்ட்டுகளையும் பெஞ்சிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்தபடி நின்றாள். யாரிடம் கொடுப்பது என்று பார்ப்பதற்குள் பாப்பா எதிரே வந்து நின்று, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டியது.

"எங்கிட்ட குடு அத்தை. நான் தொலைக்கமாட்டேன்."

அவள் குனிந்து, சாவியையும் போல்ட்டுகளையும் அந்தக் கைகளில் வைத்தாள்.