கொடிக்கம்பத்தின் நிழல் மறைந்த நாள்

உச்சி வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலை வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. மூன்று எண்ணுவதற்குள் சூடு உள்ளங்காலைக் கவ்விப் பிடிக்கும், அப்போது ஒரு காலை மடக்கிக் கொக்குபோல நின்று, அது தாங்காதபோது மறு காலுக்கு மாற வேண்டும். மலாயாவில், லகாட் ஊருக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், பால் நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே இருந்த அப்படிப்பட்ட ஒரு தளத்தில், புளித்த ரப்பர்ப் பாலின் வாடைக்கு நடுவே, என் அக்கா பவுனு பல மாதங்கள் கொக்குபோல நின்றாள். பிள்ளைகளே, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நீங்கள் புத்தகத்தில் படிக்கிறீர்கள். நான் அதை என் அக்காவின் காலடியில் பார்த்தவன். அந்தப் பெருமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் "பெரட்டு" என்கிற ஆள் எடுப்பில் நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போய்விடுவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் பன்னிரண்டுக்கு முன்பே கலைந்துவிடும். அக்கா நேரே "ஆயாக் கொட்டகை"க்குப் போய், அங்கே விட்டிருந்த எங்கள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்மா பால் நிறுத்துவிட்டு வரும்வரை அந்தத் தளத்தில் காத்திருப்பாள். தளத்தின் நடுவில் இரண்டாள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கொடிக்கம்பம் உண்டு. விசேஷ நாளில்தான் அதில் கொடி ஏறும், மற்ற நாளெல்லாம் மொட்டைக் கம்பம்.

ஆவணி மாதத்தில் ஒருநாள், தம்பியை இறக்கிக் கம்பத்தின் நிழலில் விடலாம் என்று பார்த்தபோது நிழலே இல்லையாம். வேறு யாராயிருந்தாலும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போயிருப்பார்கள். அக்கா மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து பார்த்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருநாள், நிழல் மிகவும் குறுகும்வரை காத்திருந்து, அதன் நுனியில் ஓர் ஆணியால் கோடு கீறிவைத்தாள். கோடுகள் வாராவாரம் வடக்கே நகர்ந்தன. மார்கழியில் நாலு முழத் தூரத்தில் போய், இனி நகரமாட்டேன் என்பதுபோல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. தை பிறந்த பிறகு வந்த வழியே திரும்பத் தொடங்கின.

"பதினஞ்சு வாரம் போச்சுடா. திரும்பி வரவும் பதினஞ்சு வாரந்தானே ஆவும்?" என்று விரல்விட்டு எண்ணினாள். "பங்குனி பத்தொம்போது. ஒருநாள் முன்னபின்ன இருக்கலாம். அன்னைக்கு உச்சிக்கு மறுபடி நெழலு இருக்காது."

அந்த நாட்களில்தான் அப்பா அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் களைவெட்டில் சேர்ப்பதென்று முடிவு செய்திருந்தார். "பொம்பளப் புள்ளைக்குப் பேரு எழுதத் தெரிஞ்சாப் போதும்" என்பது எங்கள் "லயத்தில்", அதாவது எங்கள் வீட்டு வரிசையில், எல்லா அப்பன்மாரும் சொன்ன சொல். சித்திரை பிறந்தால் அக்காவின் கையில் மண்வெட்டி.

இதற்கு நடுவே நான் ஒரு காரியம் செய்தேன். பெருமை தாங்கவில்லை. "பங்குனி பத்தொம்போது, பன்னெண்டு மணிக்கு, எங்கக்கா கொடிக்கம்பத்து நெழல மறைய வைக்கும்" என்று லயம் முழுவதும் சொல்லிவிட்டேன். மறுநாள் பால் நிறுக்கும் வரிசையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன மாரிமுத்தண்ணே, ஒங்க மவ சூரியனுக்கே கங்காணியாமே? நாளைலேருந்து வெயில கொஞ்சம் கொறச்சு வுடச் சொல்லுங்க!"

அப்பா கேலி பொறுக்காதவர். வீட்டுக்கு வந்து வாளியை வைத்த வேகத்தில் பேசினார். "ஏ பவுனு, பன்னெண்டு மணிக்கு நெழலு மறைஞ்சா, அடுத்த பங்குனியில மறுபடி மறையுற வரைக்கும் நீ பள்ளிக்கொடத்துக்குப் போ. மறையலேன்னா மறுநாளே களைவெட்டு. அழுவக்கூடாது."

அப்பா வெளியே போனதும் அக்கா என் காதைத் திருகினாள். "பன்னெண்டுன்னு எவன்டா சொல்லச் சொன்னான்? உச்சிக்குன்னுதானே சொன்னேன்!"

"உச்சின்னா பன்னெண்டுதானே?"

"பன்னெண்டு மணிய ஆபீசுக் கிராணி அடிக்கச் சொல்றாரு. உச்சிய யாருடா அடிக்கச் சொல்றா?"

எனக்குப் புரியவில்லை. அப்பாவிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. "பேச்சு பேச்சுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பங்குனி பத்தொன்பதும் வந்தது. இலை உதிர்ந்து மொட்டையாய் நின்ற ரப்பர் மரங்கள் புதுத் துளிர் விட்டிருந்தன. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பால் வாளிகளோடு வரிசையில் நின்ற ஐம்பது அறுபது பேரும் தளத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஆபீசுக் கணக்கெல்லாம் பார்க்கும் "கிராணி", யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக் கையைக் காட்டினார். தொங்கிய தண்டவாளத் துண்டில் பன்னிரண்டு அடித்தது.

கம்பத்தடியில் ஒரு சாணுக்கு மேல் நிழல் கிடந்தது.

கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெடுத்தது நான்தானே! அப்பா சிரிக்கவில்லை, "சரி, முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

"இல்லப்பா, உச்சி இன்னும் ஆவல" என்றாள் அக்கா.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?" என்றார் கிராணி. "இது ஸ்டேசன் மணிக்கூட்டோட ஒத்துப் பார்த்தது. பிழைக்காது."

"மணிக்கூடு சரிதாங்கய்யா. சூரியந்தான் இன்னும் வரலீங்க."

"அப்போ சூரியனுக்கு இன்னைக்கு அரைநாள் பேருதான் போடணும், ஐயா!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடியும் சிரிப்பு.

அக்கா சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். "அப்பா, நெழலு மேற்கால கெடக்கு பாருங்க. அப்படின்னா சூரியன் இன்னும் கெழக்காலதானே நிக்குது? தலைக்கு மேல வந்தாத்தானேப்பா உச்சி?"

அப்பா நிழலைப் பார்த்தார். கையைக் கண்ணுக்கு மறைவாய் வைத்து அண்ணாந்து பார்த்தார். மறுபடி நிழலைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர். வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தளத்தில் குந்திக்கொண்டார்.

"நிறுவை முடியட்டும். பாப்போம்."

சாண் அரைச் சாணாயிற்று. பிறகு நாலு விரல். பிறகு இரண்டு. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நிறுப்பவர் தராசை விட்டுவிட்டு வந்து நின்றார். திடீரென்று ஒரு பெண், "ஐயையோ, என் நெழலக் காணமே!" என்று காலைத் தூக்கிக் குதித்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவரவர் நிழல் அவரவர் காலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது. கம்பத்துக்கு நிழலே இல்லை. அப்பா அதன் அடியைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"மறைஞ்சுபோச்சு" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் தோத்துட்டேன். எம்மவ ஜெயிச்சுட்டா."

கிராணி கடிகாரத்தை எடுத்தார். "இருபது நிமிசம்... மணிக்கூடும் பிழையில்லை, பிள்ளையும் பிழையில்லை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால், கிழக்கே இருக்கிற ஊருக்கு முதலில் உச்சி. மேற்கே இருக்கிற ஊருக்குப் பிறகு. ஊருக்கு ஒரு மணி வைத்தால் ரயில் ஓடாது என்பதால் நாடு முழுமைக்கும் ஒரே மணி வைத்தார்கள். அந்த மணியோ கிழக்கே கடலின் மேல் ஓடும் ஒரு கோட்டுக்கு உரியது. அங்கே வந்த உச்சி எங்கள் தோட்டத்துக்கு வந்துசேர இருபது நிமிடம் ஆயிற்று. நிழல் வடக்கே போய்த் திரும்பியதற்குக் காரணம் வேறு. பூமி சாய்ந்து சுற்றும் பம்பரம்; சாய்ந்த சாய்வு மாறாமலே அது சூரியனையும் சுற்றிவருவதால், சூரியன் நமக்கு ஆறு மாதம் தெற்கே போவதாகவும் ஆறு மாதம் வடக்கே வருவதாகவும் தெரிகிறது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நம் பேராக்கின் தலைக்கு நேர்மேலே கடக்கிறது. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சீமைக்கோ அது ஒருநாளும் நேர்மேலே வருவதில்லை. அதனால்தான் அங்கே கடுங்குளிர் காலம் என்று ஒன்று உண்டு, இங்கே இல்லை. இதையெல்லாம் நான் பெரியவனாகிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா ஓர் ஆணியை வைத்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.

அந்த ஆண்டு அக்கா பள்ளிக்கூடம் போனாள். அப்பா சொன்ன சொல்லின் எல்லை அடுத்த பங்குனி. அதுவும் வந்தது. பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்தே மேகம். உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாளும் இருட்டு, அதற்கு மறுநாளும் தூறல். நாலாம் நாள் வெயில் வந்தபோது நிழல் தெற்கே இரண்டு விரல் நீண்டு கிடந்தது. நாள் கடந்துபோயிற்று. அன்று பால் நிறுத்துவிட்டுத் திரும்பும்போது கிராணி அப்பாவிடம் கேட்டார்: "என்ன மாரிமுத்து, பிள்ளையின்ர பேரை களைவெட்டில பதியட்டோ?"

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெழலு மறையுற வரைக்கும்னு சொன்னேங்க. இந்தப் பங்குனியில எங்கேங்க மறைஞ்சுது? யாராச்சும் பாத்தீங்களா? மறையாம எப்படிங்க நிறுத்துறது? பேச்சு பேச்சுதாங்க."

கிராணி சிரித்தபடி புத்தகத்தை மூடினார். அதற்கடுத்த பங்குனிக்குள் அக்கா ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள்; அதற்குமேல் தோட்டப் பள்ளியில் வகுப்பு இல்லை. அங்கே ஆறு வரை போன முதல் பெண் அவள்தான்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்கள். கொட்டகையைப் பிரித்து, கம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டு, தளத்தை உடைத்து, அந்த இடத்தில் யாரோ மரவள்ளி நட்டிருக்கிறார்கள். அப்பாவும் இல்லை. மணியைக்கூட மாற்றிவிட்டார்கள், இன்றைக்குப் பங்குனி உச்சி ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வருகிறது. ஆனால் அக்கா ஆறாவது முடித்த அடுத்த வருடம், "மாரிமுத்து மவ படிக்கலையா?" என்று தாய்மார்கள் கேட்கப்போய், பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் புதிதாக வந்து உட்கார்ந்தார்கள். நான் லகாட்–ஈப்போ பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன். அந்த ஐந்து பேரில் இருவருடைய மகள்கள் புத்தகப் பையோடு என் பஸ்ஸில்தான் காலையில் ஏறுகிறார்கள்.