அக்காவின் வெறுங்கழுத்து

அக்காவின் முதலாண்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் தம்பியின் வணக்கம். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த நினைவு மலரில் தப்பாக எழுதிவிடுவேனோ என்று சோறு இறங்கவில்லை.

அக்கா பிறந்தது ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அப்பாவுக்கு நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை. சுரங்கம் மூடியபின் அக்காதான் ரயிலில் பெங்களூருக்குப் போய்த் தையல் கம்பெனியில் உழைத்தார். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் எங்களைக் கரையேற்றினார்.

நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். அக்கா மட்டும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். பக்கத்து லைன் வீட்டில் பாய் விரித்து ஜெபித்த சிறு கூட்டம்தான் அப்போது இங்கே சபை. ஆனால் அதற்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. தலைமையிடத்தில் சொன்னால், போதகர் ஒரு பெட்டியோடு வேறு மாநிலத்துக்குக் கிளம்பிவிடுவார். எந்தப் பாஷைக்காரர்கள் ஆனாலும் அதே கைதட்டல், அதே வெள்ளை உடை. யாருக்கும் நகை கிடையாது. தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்த அன்று அக்கா கம்மல், மூக்குத்தி, செயின் எல்லாம் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு மானக்கேடாக இருந்தது. "தங்கம் வெட்ற ஊர்ல பொறந்துட்டு, இன்னாக்கா இது, மூளியா நிக்கிற?" என்பேன்.

"அப்பா வெட்ன தங்கம் என்னிக்குடா நம்ம வூட்டுக்கு வந்துச்சு? போடா, டீ ஆறுது" என்று சிரிப்பார்.

அக்கா படுக்கையில் விழுந்தபோது சபைச் சகோதரி ஒருவர்தான் தினமும் வந்து குளிப்பாட்டி, தலை வாரிவிட்டார்.

இந்த மலரின் அட்டைக்கு அக்காவின் படத்தைக் கொடுத்தேன். இறந்தவர்கள் படத்துக்கு வழக்கமாகச் செய்வதுபோல், பஜார் ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே பொட்டு, கம்மல், இரட்டைவடச் சங்கிலி எல்லாம் போட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. ஆனால் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். இனி சொந்தக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நிம்மதி. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அட்டையை அந்தச் சகோதரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"லட்சணமா கீறாங்க. யாருண்ணா இவங்க, உங்க சொந்தமா?"

நேராக ஸ்டூடியோவுக்குத் திரும்பினேன்.

"இன்னா சார், எல்லாரும் போடத்தான் சொல்வாங்க, நீங்க கழட்டச் சொல்றீங்க!" என்றார் அவர். "பொட்டாவது இருக்கட்டுமே?"

"எல்லாத்தையும் எடுத்துடுப்பா."

முகம் சுளிக்காமல் எடுத்துக்கொடுத்த அவருக்கும், குளிப்பாட்டிய சகோதரிக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்த சபையாருக்கும் லைன் வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அட்டையைப் பார்த்து நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று எனக்கு இப்போதும் பயம்தான். ஆனால் அதில் இருப்பவர் அக்காதான்.